சீனக் கப்பலுக்குச் சாட்சி சொல்லப் போனது

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், தை அமாவாசைக்கு முதல் நாள். காலை ஆறேகாலுக்குப் பாரிமுனையில் பஸ் ஏறினேன். காஞ்சிபுரம் எழுபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் மூன்று ரூபாய் நாற்பது காசு. கையில் ஒரு துணிப்பை. அதில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, காசிமேட்டில் வாங்கிய நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ.

காஞ்சிபுரம் போகிறவர்கள் கோயில் பார்க்கப் போவார்கள், அல்லது கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போவார்கள். நான் சாட்சி சொல்லப் போனேன். கோர்ட்டில் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு படிப்பகத்தில்.

என்னோடு கப்பலில் வேலை செய்த ஏகாம்பரம் ஒரு கார்டு போட்டிருந்தான். "அமாவாசை அன்று சாயங்காலம் படிப்பகத்தில் பேசுகிறேன். வெள்ளைக்காரனுக்கு முன்னாலேயே சீனாக்காரர்கள் அமெரிக்கா போன விஷயம். நம் ஊர் ஆளும் கூடப் போயிருக்கிறான். என்னிடம் துணி இருக்கிறது. நீ சாட்சி. கட்டாயம் வா."

எந்தத் துணி என்று எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் புதுசு.

பூந்தமல்லி தாண்டியதும் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு என் சீட்டுக்கு வந்தார்.

"இன்னாயா பையில? செத்த எலியா?"

"கருவாடு."

"அமாவாசையும் அதுவுமா காஞ்சிபுரத்துக்குக் கருவாடா? எவன்யா துன்னுவான்?"

"அமாவாசை நாளைக்கு. இன்னிக்கு ராத்திரிக்குள்ள துன்னுடுவாங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் விபூதி பூசியிருந்தார். "மேல வைக்காதபா, காலடியில வையி" என்றார். வைத்தேன். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கும்போது, "நெத்திலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வாசனை நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கு அந்த நாற்றம் பழக்கம். நாங்கள் பெரு நாட்டுக்குப் போனதே மீன் தூள் ஏற்றத்தான். தென் அமெரிக்காவில் மேற்குக் கரை. கயாவோ என்று ஒரு துறைமுகம். மீனைக் காயவைத்து அரைத்து மூட்டை கட்டி மலைபோல அடுக்கி வைத்திருப்பார்கள், கோழித் தீனிக்கு. கப்பல் முழுக்க அந்த நாற்றம். சோற்றில் நாறும். தலையணையில் நாறும். அப்போது சலித்துக்கொண்டோம். இப்போது காசிமேட்டில் கருவாட்டுக் கூடை பக்கம் போனால், கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறேன்.

எட்டே முக்காலுக்குக் காஞ்சிபுரம். பஸ் ஸ்டாண்டில் காபி முப்பது காசு. பிள்ளையார்பாளையம் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஜட்கா வண்டிக்காரர் ஒரு ரூபாய் கேட்டார்.

"எந்தத் தெரு?"

"ஏகாம்பரம் வீடு. தறிக்காரர்."

"தெருவுக்கு நாலு ஏகாம்பரம் கீறான். கோயிலே அந்தப் பேரு. எந்த ஏகாம்பரம்?"

"கப்பல்ல இருந்தவரு."

"ஓ, கப்பக்காரனா!" என்று சிரித்தார். "நீ அவனுக்கு இன்னா ஒறவு? நெஜமாவே கப்பல்ல போனானா அவன்? பம்பாய்ல ஓட்டல்ல மாவு ஆட்டிக்கினு இருந்தான்னு இல்ல சொல்றாங்க."

அவர் குதிரையைத் தட்டினார்.

தெருவுக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம். வீட்டுக்கு வீடு தறி. ஒன்று நிற்கும்போது இன்னொன்று அடிக்கும். கப்பலில் எஞ்சின் சத்தம் இப்படித்தான். முதல் இரண்டு நாள் தூங்கவிடாது. பிறகு அது நின்றால்தான் விழிப்பு வரும்.

ஏகாம்பரம் தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நூலோடு ஓடுகிற தறி ஓடத்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. நாலு இழை அடித்து முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினான்.

"வாடா அந்தோணி. கருவாடு கொண்டாந்தியா?"

பன்னிரண்டு வருஷம் கழித்துக் கேட்ட முதல் கேள்வி அது.

அவன் மனைவி பச்சையம்மா தறியின் வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். "வாங்கண்ணா" என்றாள். புடவையின் உடல் மயில்கழுத்து நிறம், கரை அரக்கு. உடலுக்கு ஒரு நூல், கரைக்கு ஒரு நூல். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு நூலையும் ஒன்றோடொன்று மாட்டிக் கோக்க வேண்டும். அதற்குக் கோர்வை என்று பேர். ஒரு ஆளால் ஆகாது. உடல் நூலை அவன் ஓட்டுவான். கரை நூலை அந்தப் பக்கமிருந்து அவள் விடுவாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. சண்டையோ என்று நினைத்தேன். சண்டையில்லை. வேலை அப்படி.

ஏகாம்பரம் கப்பலுக்கு வந்த கதை சின்னது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு மெட்ராஸ் ஓடி வந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். பிறகு என்னைப்போலக் கலாசியாகச் சேர்ந்தான். கப்பலில் கலாசி என்றால் கயிறு இழுப்பது, துரு சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது. ஓய்வு நேரத்தில் நாங்கள் சீட்டாடுவோம். அவன் கை சும்மா இருக்காது. பழைய கயிற்றைப் பிரித்து, படுக்கைக் கம்பியில் கட்டி, பட்டை பட்டையாக நெய்வான். எங்கள் எல்லாருடைய இடுப்பிலும் அவன் நெய்த பெல்ட்தான். என்னுடையது இன்னும் இருக்கிறது. இடுப்புத்தான் பெருத்துவிட்டது.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் தறியை நிறுத்தினார்கள். கருவாட்டுக் குழம்பு கொதித்தது. ஏகாம்பரம் பரண்மேலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி, கயாவோவில் வாங்கிய துணியை எடுத்தான். முழத்துண்டு அகலம். கம்பளி. உடல் காபிக் கொட்டை நிறம். கரை பழைய ரத்தம் மாதிரி சிவப்பு. பூச்சி அரித்து அங்கங்கே ஓட்டை. நடுவில் நாப்தலீன் உருண்டை உருண்டது.

"இந்தா, விரலை வெச்சிப் பாரு" என்று என் கையை இழுத்துக் கரை சேருமிடத்தில் வைத்தான். "இன்னா தெரியுது?"

"சேர்ந்திருக்குது."

"சேர்ந்திருக்குதா! கோர்வைடா! எங்க ஊரைத் தவிர எவன்டா இதுமாதிரி இழைக்கு இழை மாட்டுவான்? வேற ஊர்க்காரன் பொழப்பத்தவனா? அப்ப இது அங்க எப்படிப் போச்சு?"

அதற்கு அவனே பதில் சொன்னான். சீனாக்காரர்களுக்கும் காஞ்சிபுரத்துக்கும் பழங்காலத்திலிருந்து போக்குவரத்து. சீனச் சாமியார் ஒருவர் இந்த ஊருக்கே வந்திருக்கிறார். சீனக் கப்பல் மாமல்லபுரத்துக்கு வந்தது. பட்டு நெய்கிற ஆள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனது. அப்படியே சீனா போய், அப்படியே கடலைத் தாண்டி அமெரிக்கா. இப்போது பேப்பரிலும் போட்டுவிட்டான். அமெரிக்கக் கரையில் தண்ணீருக்கடியில் ஓட்டை போட்ட கல் கிடைத்திருக்கிறதாம். பழைய சீனக் கப்பலின் நங்கூரமாம். படிப்பகத்தில் இங்கிலீஷ் பேப்பரைப் படித்துச் சொன்னார்களாம். அன்றைக்கு ராத்திரியே இவனுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது.

"அப்படியே அப்படியேன்னு சொல்றியே, நாம போனப்ப அப்படியேவா போனோம்?" என்றேன்.

ஜப்பான் கரையை விட்டு ஒரு மாதத்துக்கு மேல் நாங்கள் மண்ணைப் பார்க்கவில்லை. எஞ்சின் வைத்த கப்பல். அதற்கே குடிதண்ணீரை அளந்து கொடுத்தார்கள்.

"அதெல்லாம் விடு. அந்தத் துணியை வித்த அம்மா இன்னா சொன்னா? எங்க பாட்டன் காலத்துல கப்பல்ல வந்த சீனாக்காரங்க கத்துக்குடுத்த வேலைன்னு சொன்னால்ல? நீயும்தான பக்கத்துல நின்ன."

"நின்னேன். அந்தம்மா பேசின பாஷை உனக்குத் தெரியுமா?"

"கையைக் காட்டினா."

"விரலைக் காட்டினா. அது வெலை."

ஏகாம்பரம் துணியை மடித்தான். மறுபடி பிரித்தான். மறுபடி மடித்தான். "நாளைக்கு நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றான். "பத்து வருஷமா கப்பக்காரன் கப்பக்காரன்னு சிரிக்கிறானுங்க. எங்கடா போன, பம்பாய்தானே, மாவு ஆட்டத்தானேன்னு. மொதல் தடவையா நான் சொல்றதைக் கேக்கறதுக்கு ஒக்காரப் போறானுங்க. நீ கவுத்துடாத."

பச்சையம்மா குழம்பை இறக்கி வைத்தாள். "நான் ஒண்ணு கேக்கறேங்கண்ணா. அங்க ரெண்டு பொம்பளைங்க நெய்தாங்களா, ஒருத்தியா?"

"ரெண்டு பேர். தரையில முளை அடிச்சு நூல் கட்டியிருந்தாங்க. தலையில தொப்பி. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இவ நூலை அவ வாங்குவா, அவ நூலை இவ வாங்குவா."

"அப்பறம் இன்னா? ரெண்டு பேரு எதுரும் புதுருமா ஒக்காந்தா, ரெண்டு நூலு இருந்தா, மாட்டாம வேற இன்னா பண்ணுவாங்க? இதுக்குக் கப்பல் எதுக்கு?"

"நீ சும்மா இருமே" என்றான் ஏகாம்பரம்.

"பத்து வருஷமா சும்மாதான் இருக்கறேன். என்னையுந்தான் கப்பக்காரன் பொண்டாட்டின்றாங்க."

தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டோம். கருவாட்டுக் குழம்பு மட்டும் பிரமாதம்.

மறுநாள் அமாவாசை. விடிந்தும் சத்தமில்லை. நெசவாளிகளுக்கு மாதத்தில் அந்த ஒரு நாள் தறி கிடையாது. ஆண்கள் தெருவில் நின்று சவரம் செய்துகொண்டார்கள். பெண்கள் சாயம் போட்ட பாவு நூலைக் காயவைக்கும் கொம்புகளில் புடவை காயப்போட்டார்கள். எஞ்சின் நின்ற கப்பல் மாதிரி இருந்தது தெரு.

ஒன்பது மணிக்கு ஏகாம்பரம் என்னைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வைகுண்டப்பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனான். "ஒரு ஆளைக் காட்டறேன் வா" என்றான். பிராகாரம் முழுக்க மணல்கல்லில் செதுக்கிய சிலைகள், வரிசை வரிசையாக. ராஜாக்கள், யானை, குதிரை, சண்டை. ஒரு மூலையில் நிறுத்தினான்.

"இவன்தான். மூக்கைப் பாரு. சப்பை. கண்ணைப் பாரு. இடுக்கு. சீனாக்காரன்."

பார்த்தேன். மழையும் காற்றும் தேய்த்த கல். அந்த ஆளுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நின்ற ராஜாவுக்கும் மூக்கு சப்பைதான். யானைக்கே தும்பிக்கை பாதி இல்லை.

"அப்படிப் பாத்தா எல்லாரும் சீனாக்காரங்கதான்" என்றேன்.

அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சிரித்துவிட்டான். "சாச்சா மாதிரியே பேசறடா" என்றான்.

சாச்சா என்பது எங்கள் கப்பல் சமையல்காரர். ஹாங்காங் ஆள். உண்மைப் பேர் எங்கள் வாயில் நுழையாது. எந்தத் துறைமுகம் வந்தாலும் கரண்டியை நீட்டி, "இங்கே என் ஆட்கள் முதலில் வந்தார்கள்" என்பார். கொழும்பில் சொன்னார். நம்பினேன். வந்திருக்கலாம், கரையை ஒட்டியே வருகிற வழி. ஆப்பிரிக்காவில் மொம்பாசாவில் சொன்னார். சரி என்றேன். பசிபிக் நடுவில், எந்தப் பக்கமும் தண்ணீர் தவிர ஒன்றுமில்லாத இடத்திலும் சொன்னார். "இங்கே எதுக்குச் சாச்சா வந்தாங்க?" என்று கேட்டேன். "நீ எதுக்கு வந்தே?" என்றார். தகர மக்கில் டீ கொடுத்தார். அந்த டீ போல நான் பிறகு குடிக்கவில்லை.

ஏகாம்பரத்துக்கு இந்த எண்ணம் அங்கேதான் விதை விழுந்தது. சாச்சா விளையாட்டாய்ச் சொன்னதை அவன் மூட்டை கட்டிக் கொண்டுவந்து, பத்து வருஷம் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். கோயில் வாசலில் இருவரும் கடலை வாங்கித் தின்றோம். பொட்டலம் பத்துக் காசு. வழி நெடுக சாச்சாவைப் பற்றியே பேசினோம். அவர் முட்டையை ஒரு கையால் உடைப்பது. கோபம் வந்தால் அடுப்பை உதைப்பது. செத்தாரா இருக்கிறாரா என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

திரும்பும்போது மட்டும் கேட்டான்: "சொல்லுவதானே?"

"பாத்ததைச் சொல்றேன்."

அவன் பெடலை வேகமாக மிதித்தான்.

சாயங்காலம் ஐந்தரை. படிப்பகம் ஓட்டுக் கட்டடம், ஒரே அறை. இரண்டு பெஞ்சு, ஒரு மேஜை, சுவரில் தலைவர்கள் படம். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். இடமில்லாதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்கள். செயலாளர் குப்புசாமி. அவரும் தறிக்காரர், அடுத்த தெரு. கப்பக்காரன் என்று பேர் வைத்ததே அவர்தானாம்.

"அமாவாசைக்கு சினிமாவுக்குப் போலாம்னு இருந்தேன்" என்று ஆரம்பித்தார் குப்புசாமி. "நம்ம கப்பக்காரரு அமெரிக்காவையே இங்க கொண்டாரேன்னாரு. டிக்கெட் மிச்சம். பேசுப்பா."

சிரிப்பு.

ஏகாம்பரம் எழுந்தான். சலவைச் சட்டை. காலரை இரண்டு தடவை இழுத்துவிட்டுக்கொண்டான். ஆனால் பேச ஆரம்பித்ததும் நன்றாகத்தான் பேசினான். சீனச் சாமியார், மாமல்லபுரம், ஓட்டை போட்ட கல், எல்லாம் சொன்னான்.

"இரு இரு" என்றார் குப்புசாமி. "அவ்ளோ தூரம் போனாங்களே, நடுவுல டீ குடிக்க எங்க நிறுத்துனாங்க?"

மறுபடி சிரிப்பு. ஏகாம்பரம் துணியைப் பிரித்து மேஜைமேல் போட்டான். சிரிப்பு நின்றது. பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். எல்லாரும் நெசவாளிகள். ஒருவர் பின் ஒருவராக விரலைக் கரையில் வைத்து ஓட்டினார்கள். ஒருவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். யாரோ "கோர்வையேதாம்பா" என்றார்.

"கண்ணால பாத்தாப் போதுமா?" என்றார் குப்புசாமி. "இஸ்துப் பாக்கலாமா?"

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தில் புடவை நல்லதா என்று காட்டுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கையில் உடலைப் பிடித்து, ஒரு கையில் கரையைப் பிடித்து இழுப்பார்கள். உடல் கிழிந்தாலும் கிழியும், கரை பிரியக் கூடாது. பிரிந்தால் அது நம் ஊர் வேலை இல்லை.

"இஸ்துப் பாரு!" என்றான் ஏகாம்பரம். அவன் முகம் சிவந்துவிட்டது.

பன்னிரண்டு வருஷத்துக் கம்பளி. பூச்சி அரித்தது. அதைப் போய் இழுப்பார்களா? ஆனால் அங்கே யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. குப்புசாமி பிடித்து இழுத்தார்.

டர்ரென்று கிழிந்தது. ஒரு சாண் நீளம். உடலில்தான் கிழிந்தது. கரை அப்படியே நின்றது.

அந்த அறையில் எழுந்த சத்தத்தை நான் எழுத முடியாது. கைதட்டல், விசில். "நம்ம ஊருடா! நம்ம ஊரு வேலைடா!" என்று ஜன்னல் பக்கமிருந்து கத்தினார்கள். குப்புசாமி கிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றார். ஏகாம்பரம் துணி கிழிந்ததைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"சாட்சி வந்துக்கீறாரு" என்றார் குப்புசாமி. இப்போது குரலில் கிண்டல் இல்லை. "அய்யா, நீங்க கூட இருந்தீங்களாமே. சீனாக்காரங்க கத்துக்குடுத்ததுன்னு அந்தம்மா சொன்னாங்களா?"

எழுந்தேன். நான் கூட்டத்தில் பேசியதில்லை. முப்பது பேரும் என் வாயையே பார்த்தார்கள். தலையாட்டினால் போதும். அது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அந்தம்மா ஒண்ணும் சொல்லல" என்றேன். "வெலை சொன்னா. விரல்ல."

ஏகாம்பரம் தரையைப் பார்த்தான்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்ன இன்னா நடந்ததுன்னு எனக்குத் தெரியாது. ஆனா கப்பல் தெரியும். ஒரு கப்பல் நாலு நாள் ஒரு கரையில நின்னாலே, ஒடஞ்ச தட்டு, பாட்டில், கந்தல், இதெல்லாம் விட்டுட்டுத்தான் கிளம்பும். செத்தவனைப் பொதைச்ச குழி ஒண்ணு இருக்கும். சில கரையில புள்ளைகூட இருக்கும். அவ்ளோ பெரிய கப்பல் கூட்டம் போயிருந்தா ஒரு சட்டிகூடவா ஒடஞ்சிருக்காது? ஒரு பிடி நெல்லுகூடவா சிந்தியிருக்காது? கல்லு கிடைச்சுதுன்றாங்க. அந்தக் கரையில சீனாக்கார மீன்காரங்க நம்ம தாத்தா காலத்துலருந்து வலை போட்டுக்கினு இருந்தாங்களாம், அந்தப் பக்கம் போன கப்பக்காரங்க சொல்லிக் கேட்டிருக்கறேன். வலைக்கும் கல்லு வேணும், படகுக்கும் கல்லு வேணும். அந்தக் கல்லா இருந்தா?"

குப்புசாமி கையிலிருந்த துணியை மேஜைமேல் வைத்தார்.

"ஆனா சீனாக்காரங்க போனது நெஜம். நான் பாத்தேன். இந்தத் துணி வாங்கின ஊர்லயே எங்க சமையல்காரரு ஒரு சீனாக்காரர் ஓட்டலுக்குக் கூட்டிக்கினு போனாரு. ஏகாம்பரமும் வந்தான். சுவத்துல ஒரு கெழவர் படம். யாருன்னு சாச்சா கேட்டாரு. கடைக்காரரு சொல்லச் சொல்ல எங்களுக்குச் சொன்னாரு. அது கடைக்காரரோட தாத்தா. கூலிக்குன்னு கைநாட்டு வாங்கி, கப்பல் அடியில அடைச்சுக் கொண்டாந்தாங்களாம். பாதிப் பேரு வழியிலயே செத்து, கடல்ல போட்டாங்களாம். மிச்சம் பேரை ஒரு தீவுல விட்டு, பறவை எச்சத்தை வெட்டச் சொன்னாங்களாம், உரத்துக்கு. நம்ம ஆளுங்களைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டு போனாங்களே, அதேமாதிரி. எங்க ஆளுங்க மொதல்ல வந்தாங்கன்னு ஊரு ஊரா சொல்ற சாச்சா, அன்னிக்குச் சோத்தை அப்படியே வெச்சிட்டு எழுந்துட்டாரு. அதுக்கப்பறம் அந்தப் பேச்சையே எடுக்கல."

யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

"அப்ப நம்ம ஊரு ஆளு போனதும் பொய்யா?" என்றார் குப்புசாமி.

"அது பொய்யில்ல. காஞ்சிபுரத்து நெசவுக்காரன் ஒருத்தன் அமெரிக்கா போனதுக்குச் சாட்சி கேட்டா, நான் சொல்றேன். போனான். நடுக் கடல்ல புயல். சரக்கு அறைக்கு மேல மூடின தார்ப்பாய் கிழிஞ்சு தண்ணி உள்ள போவுது. ஒருத்தரும் நிக்க முடியல. இடுப்புல கயித்தைக் கட்டிக்கினு, தளத்துல குப்புறப் படுத்து, கிழிசலோட ரெண்டு ஓரத்தையும் இழைக்கு இழை மாட்டித் தெச்சான். அலை மேல மேல அடிக்குது. மூக்குல வாயில உப்புத் தண்ணி. தெச்சு முடிச்சிட்டுத்தான் எழுந்தான். கயித்தோட இந்த முனையைப் பிடிச்சவன் நான். அந்தப் பாய் பிரியல. கயாவோ போற வரைக்கும் பிரியல." ஏகாம்பரத்தைக் காட்டினேன். "இதோ ஒக்காந்துகினு இருக்கறான்."

அவன் உட்கார்ந்திருக்கவில்லை. துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தான்.

ராத்திரி பச்சையம்மா சோறு போட்டாள். பூசணிக்காய்க் கூட்டு. ஏகாம்பரம் சாப்பிட்டுவிட்டு எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் விடியற்காலை தறிச் சத்தத்தில் கண் விழித்தேன். தெரு முழுக்க மறுபடி எஞ்சின் ஓடியது. இவர்கள் தறி மட்டும் ஓடவில்லை. பச்சையம்மா வெளிச்சத்துக்காக வாசல்படியில் உட்கார்ந்து, மடியில் துணியைப் போட்டுக்கொண்டு, கிழிசலைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பளி நூலுக்கு எங்க போவேன்? மிச்சம் இருந்த அரக்குப் பட்டுல போட்டுட்டேன்" என்றாள். காபிக்கொட்டை நிறத்துக்கு நடுவே ஒரு சாண் நீளத்துக்குப் பட்டு மினுமினுத்தது.

ஏகாம்பரம் பல் துலக்கிக்கொண்டு வந்து நின்று பார்த்தான்.

வாசலில் சைக்கிள் நின்றது. குப்புசாமி. இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "ஏகாம்பரம்" என்றார். கப்பக்காரன் என்று சொல்லவில்லை. "ஒரு விஷயம் கேக்கணும். அங்க ராத்திரியில நட்சத்திரம்லாம் நம்ம ஊரு மாதிரியேதான் இருக்குமா?"

ஏகாம்பரம் வாயில் நுரையோடு முறைத்தான். துப்பினான். வாயைக் கொப்பளித்தான்.

"வேற நட்சத்திரம்" என்றான்.

"வேறன்னா?"

"தெக்கால போவப் போவ வடக்கு நட்சத்திரம் எறங்கிக்கினே போவும். ஒரு நாள் இருக்காது. சாயங்காலம் வாயேன், டீக்கடையில சொல்றேன்."

"நாலு பேரைக் கூட்டிக்கினு வர்றேன்" என்று குப்புசாமி மிதித்துப் போனார்.

ஒன்பது மணிக்குப் பஸ். ஏகாம்பரம் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். பஸ் ஸ்டாண்டில் இரண்டு காபி வாங்கினான். காசு என்னை எடுக்கவிடவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னாடா?" என்றான்.

"சொன்னேனே."

"அது இல்ல."

"அதுதான் எனக்குத் தெரிஞ்சது."

காபியை ஆற்றினான். கோபம் முழுக்கப் போகவில்லை. பாதி போயிருந்தது. "தார்ப்பாயை மறந்தே போயிட்டேன்டா" என்றான். "கைல வெரலெல்லாம் உப்புத் தண்ணியில வெடிச்சிருந்துச்சு. சாச்சா எண்ணெய் தடவுனாரு."

"சமையல் எண்ணெய்."

"ஆமா, மீன் வறுத்த எண்ணெய்!" என்று சிரித்தான். காபி சட்டையில் சிந்தியது.

பஸ் கிளம்பும் நேரம். ஜன்னல் பக்கம் வந்து நின்றான்.

"பச்சையம்மா அந்தத் துணியில பட்டைப் போட்டுட்டா, பாத்தியா?"

"பாத்தேன்."

"நூறு வருஷம் கழிச்சு எவனாவது அதை எடுத்துப் பாத்தான்னு வெச்சுக்கோ. பெரு நாட்டுக் கம்பளி. உள்ள காஞ்சிபுரத்துப் பட்டு. இன்னா சொல்லுவான்?"

"கப்பல் போச்சுன்னு சொல்லுவான்."

"சொல்லட்டும்" என்றான். பஸ் நகர்ந்தது. கூடவே நடந்து வந்தான். "நாம போனோமில்ல, அந்தோணி?"

"போனோம்" என்றேன்.

பன்னிரண்டு மணிக்குப் பாரிமுனை. அங்கிருந்து ராயபுரத்துக்கு நடந்தே வந்தேன். எங்கள் தெரு முனையில் கடல் தெரியும். அங்கே இருக்கிறவர்கள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நான் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு கப்பல் வெளியே போய்க்கொண்டிருந்தது. எந்த ஊருக்கு என்று தெரியவில்லை. இந்நேரம் பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் இரண்டு பேரும் தறியில் உட்கார்ந்து, பேசாமல், ஆளுக்கொரு நூலை மாட்டிக்கொண்டிருப்பார்கள்.